பீரோவில் இருந்தபடியே களவு போன காகிதம்

சென்ற மாதம் லாரி நிறுவனம் ஒன்றின் இளம் நிர்வாகி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய நிறுவனத்து ஓட்டுநர்களின் விவரங்கள் வெளியே கசிந்துவிட்டன என்று மென்பொருள் நிறுவனத்திடமிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "சாப்ட்வேர்காரன் உட்ட ஓட்டைக்கு நாம எப்படிங்க சார் பொறுப்பு? நீங்க அனுபவப்பட்டவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அனுபவப்பட்டவர் என்ற சொல்லில் இருந்த மரியாதை எனக்குப் புரிந்தது. அதில் வேறொன்றும் இருந்தது. எங்கள் நிறுவனத்தில் நடந்த நிகழ்ச்சி இந்த வட்டாரத்து லாரி அலுவலகங்களில் பல விதமாகப் பேசப்பட்டு வருகிறது. எங்களுக்கு வந்த இதே போன்ற மின்னஞ்சலை நான் ஒளித்து வைத்தேன் என்று சொல்வோரும் உண்டு. அது உண்மையன்று. நான் எதையும் ஒளித்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவதே நேர்மை என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் சேலத்துக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். சங்ககிரியில் ஒரு லாரி நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நிர்வாக மேலாளராக ஓய்வு பெற்றேன். முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரக்கு ரசீது எழுதக் கற்றேன். அசலையும் நகலையும் வரிக்கு வரி ஒப்பிடக் கற்றேன். ஓட்டுநர் முன்னிலையில் முகம் மாறாமல் இருக்கக் கற்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் என் பொறுப்பில் இருந்த ஒரு காகிதமும் தொலைந்ததில்லை. இதை இன்றும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் இப்போது அது போதாது என்பதும் தெரியும்.

எங்கள் நிறுவனத்தின் மேலாண் பங்குதாரர் தெய்வானை அம்மா. கணவர் இறந்த பிறகு லாரிகளைத் தாமே நடத்தியவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். இரண்டாவது முறை விரலை வரியின் மேல் வைத்துப் படிப்பார். ஓட்டுநர் யாராவது பேச வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் கேட்பார். ஒரு முறை காரணம் கேட்டேன். "அவரு ரெண்டாயிரம் கிலோமீட்டரு உக்காந்து ஓட்டிட்டு வந்து நிக்கறாருங்க சார். நான் என்ன பண்ணுனேன்னு உக்காந்துக்கறது?" என்றார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் குரலைத் தாழ்த்தும்போதுதான் அலுவலகம் அஞ்சும்.

ஓட்டுநர் ஒருவர் வேலைக்குச் சேரும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறையை நான்தான் வகுத்தேன். உரிமம், ஆதார், கண் பரிசோதனைச் சான்று, குடும்பத்தில் ஒருவருடைய புகைப்படம், முந்தைய முதலாளியின் கடிதம் ஆகியவற்றின் அசலை அவர் கொண்டுவர வேண்டும். நகல் எடுத்து, ஒப்பிட்டு, நகலின் பின்பக்கத்தில் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று நானே கையொப்பமிடுவேன். அதன் பிறகு, எனக்கு உடன்பாடில்லாத ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்கும் புது ஓட்டுநருக்கும் பூசை போடும் இடம் அது. அவருடைய ஆதார் நகலைப் பிள்ளையார் படத்தின் முன் வைத்து, அலுவலகத்தில் மூத்தவர் ஒரு மஞ்சள் பொட்டு வைக்க வேண்டும். மூத்தவன் நான். காகிதத்தைக் கறைப்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை என்றாலும் அம்மாவின் சொல்லைத் தட்டவில்லை. பொதுவாக மேல் மூலையில் வைப்பார்கள். அங்கே வைத்தால் எழுத்து மறையும் என்பதால் நான் மட்டும் கீழே இடது மூலையில், கட்டைவிரலைச் சாய்த்து, ஒரு நெல்மணி அளவுக்கு வைப்பேன். பிறகு அதை வண்ணத்தில் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, காகிதத்தைக் கோப்பில் சேர்த்து எஃகு பீரோவில் பூட்டுவேன். பீரோவின் சாவி என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. கணினியின் கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள், எங்கள் கணினி ஆவணங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுமதியற்ற எவரோ தங்கள் சேமிப்பகத்துக்குள் நுழைந்திருப்பதாகவும், சில வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் பார்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது. நான் அச்செடுத்துப் படித்தேன். எங்கள் தரப்பில் ஏதேனும் செய்ய வேண்டுமா என்று முறைப்படி எழுதிக் கேட்டேன். எதுவும் தேவையில்லை, ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்து, மேலே 'கண்டேன். கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பீரோவைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்புகளும் இருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்து மாதங்கள் கழிந்தன.

ஒரு நாள் முற்பகலில் உள்ளூர்த் தலைமைக் காவலர் வட மாநிலத்து உதவி ஆய்வாளர் ஒருவரை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். எங்கள் ஓட்டுநர் பெரியண்ணன் பெயரில் வாங்கப்பட்ட ஒரு சிம் அட்டையிலிருந்து, அங்குள்ள ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை யாரோ வங்கி அதிகாரி போலப் பேசி ஏமாற்றியிருக்கிறார்கள். சிம் வாங்கக் கொடுத்த ஆவணம் பெரியண்ணனின் ஆதார். அன்று மாலை ரயிலில் அவரைத் தங்கள் ஊருக்கு விசாரணைக்கு அழைத்துப் போகப்போவதாக ஆய்வாளர் ஆங்கிலத்தில் என்னிடம் கூறினார்.

பெரியண்ணன் எருமப்பட்டிக்காரர். எங்களிடம் ஒன்பது ஆண்டுகள் ஓட்டியவர். ஒரு விபத்தும் இல்லை. முந்தின நாள்தான் லோடு இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தார். சுவரோரம் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். செய்தி கேட்டு அவருடைய மனைவி சிவகாமி பஸ் பிடித்து வந்து அருகில் நின்றிருந்தார்.

"நான் எந்தச் சிம்மும் வாங்குலீங்க. எனக்கு இருக்கறது ஒரே நெம்பருங்க" என்றார் பெரியண்ணன் திரும்பத் திரும்ப.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் தலைமைக் காவலர். "அங்க போயி சொல்லு. பத்து நாளோ ஒரு மாசமோ, உண்மையா இருந்தா உட்டுருவாங்க."

"பாசை தெரியாத ஊருல இவரு என்னத்தச் சொல்லுவாருங்க?" என்று கேட்ட சிவகாமி என் பக்கம் திரும்பினார். "மேனேஜருங்க, எங்கூட்டுக்காரரு ஆதார் காயிதத்த வேற ஆருகிட்டயும் குடுத்ததில்லீங்க. பேங்கியில கூடக் காட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. உங்க ஆபீசுலதானுங்க குடுத்தாரு."

நான் அப்போது சொன்ன பதிலை மறைக்க விரும்பவில்லை. "ஓட்டுநர்கள் எத்தனையோ இடங்களில் நகல் கொடுக்கிறார்கள் அம்மா. எங்கே போயிற்று என்று யார் சொல்ல முடியும்?" என்றேன். அதையே ஆங்கிலத்திலும் ஆய்வாளருக்குச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. மேலாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் மனிதர் அவர்.

ஆய்வாளர் தம் கோப்பிலிருந்து ஆதாரின் கருப்பு வெள்ளை அச்சை எடுத்துக் காட்டினார். கீழ் மூலையில் ஒரு கறை. அச்சுப் பொறியின் மை என்று நினைத்தேன். முகம் தெளிவாக இல்லை என்று சிவகாமி சொன்னதால், ஆய்வாளர் தம் கைப்பேசியில் வண்ணப் படத்தைத் திறந்து பெரிதாக்கி எங்கள் பக்கம் நீட்டினார்.

கறை மஞ்சளாக இருந்தது. கீழே, இடது மூலையில், சாய்வாக, ஒரு நெல்மணி அளவில்.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் சென்னையைத் தாண்டி வடக்கே போனதில்லை. என் கட்டைவிரல் போயிருக்கிறது. முகம் தெரியாத மனிதர்களின் கைகளில் ஏறி, பெயர் தெரியாத கடையில் ஒரு சிம் அட்டைக்குச் சான்றாக நின்று, எனக்கு என்றுமே அறிமுகமாகாத ஓர் ஆசிரியையின் வீட்டுத் தொலைபேசி மணியை அடித்து, இப்போது காவல்துறையின் கைப்பேசியில் ஏறிக்கொண்டு என் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதமோ எனக்குப் பின்னால் பீரோவில், நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. பொருள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே களவு போகும் என்பதை என் பட்டப்படிப்பும் கற்பிக்கவில்லை, பணிக்காலமும் கற்பிக்கவில்லை.

பெரியண்ணன் நிமிர்ந்து படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பொட்டின் பொருளை அறிந்து பார்த்தவன் அந்த அறையில் நான் ஒருவன் மட்டுமே. நான் வாய் திறக்காவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை.

பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு, பீரோவைத் திறந்து பெரியண்ணனின் கோப்பையும் மின்னஞ்சல் கோப்பையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குச் சென்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மின்னஞ்சலைப் படித்தார். விரலை வைத்து மறுபடியும் படித்தார். மேலே என் கையெழுத்தில் இருந்த 'கண்டேன்' என்ற இடத்தில் விரல் சற்று நேரம் நின்றது.

"இது வந்து அஞ்சு மாசமாச்சுங்களா?"

"ஆமாம் அம்மா. நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்று அவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தப்படி பாதுகாப்பு அவர்களுடைய பொறுப்பு."

"சரிங்க." கோப்பை மூடினார். "ஏனுங்க சார், நாம ஒருத்தரு சிமெண்டு மூட்டைய ஏத்தறோம். வழியில டயரு வெடிச்சு வண்டி கவுந்து போச்சு. சரக்குக்காரரு ஆர வந்து கேப்பாரு?"

"நம்மைத்தான்."

"டயரு கம்பெனியப் போயி கேளுங்கன்னு சொல்லுவமா?"

"சொல்ல மாட்டோம் அம்மா."

"டயரு கம்பெனிகிட்ட நாம போயி சண்ட கட்டிக்கலாமுங்க. அது நமக்கும் அவனுக்கும். சரக்குக்காரருக்கு ரசீது போட்டுக் குடுத்தது நாமதானுங்களே." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெரியண்ணன் இந்தக் காயிதத்த ஆருகிட்டங்க குடுத்தாரு?"

"என்னிடம்."

இன்று தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்துவிட்டது. விவரத்தை மக்களிடமிருந்து வாங்கிய நிறுவனமே அதற்குப் பொறுப்பு. வேறொருவரிடம் சேமிக்கக் கொடுத்திருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. நான் அந்தச் சட்டத்தை முழுமையாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு மேலிட்டது. பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்மணி, சட்டத்தின் ஒரு வரியையும் பார்க்காமல், ஒரு டயரை வைத்து அத்தனையையும் எனக்குச் சொல்லி முடித்திருந்தார்.

அவர் அங்கேயே ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இந்த ஆதார் நகல் எங்கள் நிறுவனத்தின் காப்பில் இருந்தது. எங்கள் காப்பிலிருந்தே கசிந்தது. பெரியண்ணனுக்கு இதில் பங்கில்லை என்பது அதன் சாரம். வழக்கறிஞர் பார்க்காமல் கையொப்பமிட வேண்டாம் என்று நான் தடுத்தேன். தொலைபேசியில் அவரை அழைத்தோம். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது வெளங்குதுங்க. ஆனா ரயிலு சாயங்காலமுங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

அந்தக் கடிதத்தின் கீழ் நான் தனியாக ஒரு பத்தி எழுதினேன். மஞ்சள் பொட்டு என் விரலால் வைக்கப்பட்டது என்றும், கசிவைப் பற்றிய தகவல் ஐந்து மாதங்களுக்கு முன்பே எனக்கு வந்தது என்றும், ஓட்டுநர்களுக்கு நான் தெரிவிக்கவில்லை என்றும் எழுதினேன். இதை அம்மா சொல்லி நான் எழுதவில்லை. என்னைப் பற்றிப் பேசுவோர் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

ஆய்வாளர் பீரோவிலிருந்து வந்த காகிதத்தையும் கைப்பேசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார். ஒரு சொட்டு மஞ்சளை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டச் சொன்னார். பூசைத் தட்டிலிருந்து எடுத்து வைத்தேன். அதே சாய்வு.

"முப்பது வருசச் சர்வீசுல கைரேகை பாத்திருக்கேன், கால்தடம் பாத்திருக்கேன்" என்றார் தலைமைக் காவலர். "பிள்ளையாருக்கு வெச்ச மஞ்ச வந்து சாட்சி சொல்றத இப்பத்தான் சார் பாக்கறேன்."

ஆய்வாளர் பெரியண்ணனை அழைத்துச் செல்லவில்லை. அலுவலகத்திலேயே வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, சாட்சி என்ற அளவில் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். சிவகாமி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்க்காமலே தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வேலை அத்துடன் முடிந்தது என்று எண்ணினேன். அம்மா ஓட்டுநர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். இருப்பவர்கள், விலகிப் போனவர்கள் எல்லோருடையதும் வேண்டும் என்றார்.

"ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிச் சொல்லோணுமுங்க. மெசேசு வேண்டாம். படிக்கத் தெரியாதவங்க இருக்காங்க. நம்ம வாயால சொல்லோணும்."

"என்னவென்று சொல்வது அம்மா?"

"என்ன போச்சுன்னு சொல்லோணும். அவங்க பேருல வேற சிம் இருக்குதான்னு எப்படிப் பாக்கறதுன்னு சொல்லோணும். ஆராவது ஆதார் கேட்டு வந்தா நம்மகிட்டக் கூப்புடச் சொல்லோணும். நமக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னும் சொல்லோணும்."

"அது என் தவற்றை ஊருக்குச் சொல்வதாகும் அம்மா."

"ஆமாங்க" என்றார். எதிர் நாற்காலியில் அமர்ந்து, பட்டியலின் முதல் எண்ணை அவரே அழைத்தார்.

ஒன்பது நாட்கள் அழைத்தோம். அந்த ஒன்பது நாட்களில் கேட்டவை என் பணிக்காலம் முழுவதிலும் கேட்டவற்றைவிட அதிகம். "என்ற மூஞ்சியப் பாத்துட்டு அந்தத் திருடனே பயந்து ஓடியிருப்பானுங்க சார்" என்று ஆத்தூர்க்காரர் ஒருவர் சிரித்தார். ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லித் துண்டித்தார். அவருக்கு மறுநாளும் அழைத்தேன். ஒருவர் வேலையை விட்டு நின்றுகொண்டார். ஒருவர் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் படித்துக் காட்டியதை முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப எம்பட பொண்டாட்டி போட்டோவும் போயிருச்சுங்களா சார்?" என்றார். போயிற்று என்றேன். அவருக்குப் பின்னால் லாரிகள் கடக்கும் ஓசை மட்டும் கேட்டது.

குடும்பப் புகைப்படம் எதற்காக வாங்கினோம் என்று அன்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வகுத்த முறை அது. காரணம் நினைவுக்கு வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். காரணம் சொல்ல முடியாத எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவாயிற்று. புகைப்படங்களையும் பழைய கடிதங்களையும் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம். கணினியிலிருந்தும் நீக்கச் செய்து, நீக்கியதை எழுத்தில் வாங்கினோம். பாதி பீரோ காலியாயிற்று. நிறைந்த பீரோவைத்தான் நான் அதுவரை பெருமையாக நினைத்திருந்தேன்.

எல்லாம் அடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு, உரிமம் புதுப்பித்த வகையில் பெரியண்ணன் மறுபடியும் தம் நகல்களைக் கொடுக்க வேண்டி வந்தது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. காலையில் வண்டியைக் கழுவிவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். நான் எழுந்து நின்றேன்.

உரிமத்தின் நகலை நீட்டினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். மறு முனையை அவர் விடவில்லை.

"இது எதுக்குங்க சார்?"

ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எந்த ஓட்டுநரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "சோதனைச் சாவடியில் கேட்டால் காட்டுவதற்கும், காப்பீட்டுக்கும். வேறெதற்கும் இல்லை" என்றேன்.

"எத்தன நாளைக்கு வெச்சுக்குவீங்க?"

"நீங்கள் இங்கே ஓட்டும் வரை. விலகும் நாளில் உங்கள் கையில் திருப்பித் தருவேன்."

அவர் யோசித்தார். காகிதம் எங்கள் இருவருக்கும் நடுவே விறைப்பாக நின்றது.

"இதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் ஆரு பேரச் சொல்லிக் கேக்கோணுமுங்க?"

நிறுவனத்தின் பெயர் நாக்கின் நுனி வரை வந்தது. மென்பொருளின் பெயரும் வந்தது. பிறகு என் பெயரைத் தந்தையின் முதலெழுத்தோடு முழுதாகச் சொன்னேன்.

அவர் அதை ஒரு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் விரல்களைத் தளர்த்தினார்.